ஏகபோகத்தின் கதை – 11: ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு முடிவுகள்

1890இல் ஷெர்மன் சட்டம் பிறந்தது முதல் 1911இல் ஸ்டாண்டர்டு ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது வரையிலான வரலாற்றையும், அதன் பின் ஏகபோகம் எண்ணெய்க் குழாயிலிருந்து தொலைபேசிக் கம்பிக்கும் கணக்கிடும் எந்திரத்துக்கும் இடம் மாறிய விதத்தையும் முந்தைய பகுதிகள் விவரித்தன.

தொலைபேசித் துறையை ஆண்ட ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1956 ஜனவரி 24 அன்றும், கணக்கிடும் எந்திரச் சந்தையை ஆண்ட ஐ.பி.எம். நிறுவனம் அதற்கு மறுநாளும் அமெரிக்க அரசுடன் சமரசம் செய்துகொண்டதோடு சென்ற பகுதி நிறைவுற்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சில கட்டுப்பாடுகளை ஏற்று, அவற்றை நீதிமன்ற ஆணையாகப் பதிவுசெய்து வழக்கை முடித்துக்கொள்ளும் இம்முறைக்கு ‘இசைவுத் தீர்ப்பு’ என்று பெயர்.

அந்த இசைவின்படி ஏ.டி. அண்டு டி. தொலைபேசித் தொழிலைத் தாண்டி வேறு தொழிலில் இறங்கக் கூடாது; அதுவரை எந்திரங்களை வாடகைக்கு மட்டுமே விட்டுவந்த ஐ.பி.எம். அவற்றை விலைக்கும் விற்க வேண்டும். இரண்டு வழக்குகளும் அத்துடன் ஓய்ந்தன என்றே பலரும் கருதினர்.

ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1982 ஜனவரி 8, வெள்ளிக்கிழமையன்று, அரசின் ஒரே அதிகாரி அதே இரண்டு நிறுவனங்களின் தலைவிதியையும் ஒரே நாளில் எழுதினார். ஒன்று உடைக்கப்பட்டது, மற்றொன்று கீறல்கூட இல்லாமல் விடுவிக்கப்பட்டது.

* * *

கம்பியின் சொந்தக்காரர்

ஏறத்தாழ 10 லட்சம் ஊழியர்களைக் கொண்டிருந்த ஏ.டி. அண்டு டி.யின் ‘பெல் அமைப்பு’ நான்கு பெரும் பிரிவுகளாக இயங்கியது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் இணைப்பு வழங்கியவை 22 உள்ளூர் நிறுவனங்கள். வெளியூர் அழைப்புகளைக் கொண்டுசேர்த்தது ‘லாங் லைன்ஸ்’ பிரிவு. கருவிகளைச் செய்துகொடுத்தது ‘வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்’. 1947இல் டிரான்சிஸ்டரை உலகுக்குத் தந்த ‘பெல் ஆய்வகம்’ நான்காவது.

வாடிக்கையாளரின் மேசைமீதிருந்த தொலைபேசிக் கருவியும்கூட நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. அதற்கு மாத வாடகை செலுத்த வேண்டியிருந்ததோடு, வேறு எவர் செய்த கருவியையும் அந்தக் கம்பியோடு இணைப்பதை நிறுவனத்தின் விதிகள் தடைசெய்தன.

இந்த விதியைத் தகர்த்தவர் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்னும் சிறு தொழில்முனைவர். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் ரேடியோவில் பேசுவோரைத் தொலைபேசியோடு இணைக்க அவர் செய்த பெட்டியில் ஒரு பள்ளம் இருந்தது. தொலைபேசியின் ரிசீவரை அதில் வைத்தால், மின்கம்பி எதுவும் தொடாமலேயே, குரல் ஒலியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றது.

கம்பியைத் தொடாத அந்தக் கருவியையும் நிறுவனம் எதிர்த்தது. தொலைதொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் 1968இல் கார்ட்டரின் பக்கம் தீர்ப்பளித்தபோது, அயலார் செய்த கருவிகள் தொலைபேசி வலையில் நுழைவதற்கான முதல் கதவு திறந்தது.

இரண்டாவது கதவைத் தட்டியது எம்.சி.ஐ. நிறுவனம். கம்பியே இல்லாமல், நுண்ணலைக் கோபுரங்கள் வழியாக சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே அழைப்புகளைக் கொண்டுசெல்ல 1969இல் ஆணையத்தின் அனுமதியைப் பெற்ற அந்நிறுவனம், விரைவிலேயே ஓர் அடிப்படைச் சிக்கலைச் சந்தித்தது. கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு அழைப்பைக் கொண்டுசெல்ல அதனால் முடிந்தது; ஆனால் கடைசிக் கோபுரத்திலிருந்து வாடிக்கையாளரின் மேசை வரையிலான கம்பி முழுவதும் போட்டியாளரான பெல் அமைப்பின் வசம் இருந்தது.

பின்னாளில் எம்.சி.ஐ. பொதுமக்களுக்கும் வெளியூர்ச் சேவை வழங்கத் தொடங்கியபோது, அதன் வாடிக்கையாளர் முதலில் ஓர் உள்ளூர் எண்ணை அழைத்து, ஒலிக்குறிப்புக்காகக் காத்திருந்து, தமக்குரிய அடையாள எண்ணை அழுத்தி, அதன் பிறகே பேச வேண்டியவரின் எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பெல் வாடிக்கையாளருக்கோ அதில் ஏறத்தாழப் பாதி போதுமானதாக இருந்தது.

ஏரியின் பரப்பைவிட மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே கடைமடை உழவருக்கு முக்கியம். தொலைபேசியில் அந்த மதகு, வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியாக இருந்தது. 1974 நவம்பர் 20 அன்று நீதித் துறை அமைச்சகம் ஏ.டி. அண்டு டி.மீது வாஷிங்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் உட்பொருள் இதுவே.

* * *

எந்திரத்தின் சொந்தக்காரர்

ஐ.பி.எம். மீதான வழக்கு அதற்கும் முந்தையது. அதிபர் லிண்டன் ஜான்சனின் ஆட்சி திங்கட்கிழமையுடன் முடிவதற்கிருந்த நிலையில், அதற்கு முந்தைய கடைசி வேலைநாளான 1969 ஜனவரி 17 அன்று, அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் அதைத் தாக்கல் செய்தார்.

1964இல் அறிமுகமான ‘சிஸ்டம்/360’ என்னும் பெருங்கணினிக் குடும்பத்தின் வெற்றியால், பொதுப் பயன்பாட்டுக் கணினிச் சந்தையில் சுமார் 70 விழுக்காடு ஐ.பி.எம். வசம் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. எந்திரம், அதை இயக்கும் மென்பொருள், பயிற்சி, பொறியாளர்களின் உதவி ஆகிய அனைத்தையும் ஒரே விலைக்குள் கட்டிக்கொடுத்ததும், போட்டியாளர் புது எந்திரம் கொண்டுவரும்போதெல்லாம் அதை முடக்கும் நோக்கில் ஆதாயம் குறைந்த எந்திரங்களை அறிவித்ததும் சந்தையைக் கட்டிப்போடும் செயல்கள் என்று அரசு குற்றஞ்சாட்டியது.

வழக்கின் முதல் விளைவு விசாரணை தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நிகழ்ந்தது. 1969 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம்., மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது.

மென்பொருள் எழுதும் செலவு பெருகிவந்ததும் அம்முடிவுக்கு ஒரு காரணம் என்றாலும், வழக்கின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர் ஏற்கின்றனர். எந்திரத்தோடு இலவசமாக வந்த ஒன்றை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார் என்பதால் அதுவரை ஒடுங்கிக் கிடந்த சுயேச்சையான மென்பொருள் தொழில், இந்தப் பிரிப்புக்குப் பிறகே தலையெடுக்கத் தொடங்கியது.

நீதிமன்றத்துக்கு வெளியே இன்னொரு நிகழ்வு அரசுத் தரப்பைத் தடுமாறவைத்தது. கன்ட்ரோல் டேட்டா என்னும் போட்டி நிறுவனம் 1968 டிசம்பரிலேயே ஐ.பி.எம். மீது தனியாக வழக்குத் தொடுத்து, ஐ.பி.எம். ஒப்படைத்த ஆவணக் குவியலைத் தேடிப் படிப்பதற்கான கணினி அட்டவணை ஒன்றை உருவாக்கியிருந்தது. எந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று காட்டிய அந்த அட்டவணையை அரசின் வழக்கறிஞர்களும் பெரிதும் நம்பியிருந்தனர்.

1973 ஜனவரியில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. கன்ட்ரோல் டேட்டாவுக்கு ஐ.பி.எம். தன் சேவைப் பிரிவு ஒன்றை விற்றது. பதிலுக்கு, அந்த அட்டவணை அழிக்கப்பட்டது.

* * *

இரண்டு நீதிமன்றங்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் ஐ.பி.எம். வழக்கின் விசாரணை 1975 மே மாதத்தில் தொடங்கியது. நீதிபதி டேவிட் எடெல்ஸ்டைன், 1956இன் இசைவுத் தீர்ப்பையும் கையாண்டவர்; ஐ.பி.எம்.மின் சட்டத் துறைத் தலைவரோ, நாட்டின் முன்னாள் அட்டர்னி ஜெனரலான நிக்கோலஸ் காட்சன்பாக்.

வெளியே பதிவுசெய்யப்பட்ட சாட்சியங்கள் நாள்கணக்கில் வரிவரியாக உரக்க வாசிக்கப்பட்டன. விசாரணை ஆறு ஆண்டுகளுக்கு மேல், சுமார் 700 நாள் நீண்டது. அதன் பதிவு ஒரு லட்சம் பக்கங்களைத் தாண்டியது. ஏகபோகத் தடைச் சட்டப் பிரிவின் வியட்நாம் போர் இது என்று சட்ட அறிஞர் ராபர்ட் போர்க் கேலி செய்தார்.

காலத் தாமதம் வெறும் சலிப்போடு நிற்கவில்லை. வழக்கின் அடித்தளத்தையே அது அரித்தது. ஏகபோக வழக்கு ஒவ்வொன்றிலும் முதலில் தீர்க்கப்பட வேண்டியது ‘சந்தை எது’ என்ற கேள்வி. பொதுப் பயன்பாட்டுப் பெருங்கணினிகள் மட்டுமே சந்தை என்றால் ஐ.பி.எம். பேரரசு, கணினித் தொழில் முழுவதும் சந்தை என்றால் அதன் பங்கு சுருங்கிக்கொண்டிருந்த ஒன்று.

அரசு முதல் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சிறு கணினிகள் ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இடம்பிடித்தன. ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஜீன் ஆம்டால், ஐ.பி.எம். மென்பொருளையே இயக்கக்கூடிய போட்டிப் பெருங்கணினியை 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1969இன் சந்தையைப் பற்றிய வழக்கு, அந்தச் சந்தை கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கையில் நடந்தது.

வாஷிங்டனில் நிலைமை வேறு. ஏ.டி. அண்டு டி. வழக்கு 1978இல் ஹெரால்டு கிரீன் என்னும் புதிய நீதிபதியிடம் வந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்து, நீதித் துறை அமைச்சக வழக்கறிஞராக 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தை வரைவதில் பங்கேற்ற அவர், வழக்கு இழுபடுவதை அனுமதிக்கவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உண்மைகளை முன்கூட்டியே எழுத்தில் தருமாறு செய்து, 1981 ஜனவரி 15 அன்று விசாரணையைத் தொடங்கினார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய நிறுவனத்தின் மனுவை அவர் நிராகரித்தார். நீண்ட காலமாகப் பல வழிகளில் பெல் அமைப்பு சட்டத்தை மீறியதை அரசின் சான்றுகள் காட்டுகின்றன என்றும், அதை மறுக்கும் பொறுப்பு இனி நிறுவனத்துடையது என்றும் அவர் எழுதியதைப் படித்த எவருக்கும் இறுதித் தீர்ப்பின் திசை புரிந்திருக்கும்.

* * *

பேராசிரியரின் அளவுகோல்

கிரீன் விசாரணையைத் தொடங்கிய ஐந்தாம் நாளில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. 1981 ஜனவரி 20 அன்று ரொனால்டு ரேகன் அதிபரானார். வணிகத்துக்கு இணக்கமான ஆட்சி என்பதால் இரண்டு வழக்குகளும் கைவிடப்படும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது.

பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வெயின்பெர்கர், ஒரே குடையின் கீழ் இயங்கும் தொலைபேசி வலை நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று வாதிட்டு, ஏ.டி. அண்டு டி. மீதான வழக்கைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தினார். வணிக அமைச்சர் மால்கம் பால்ட்ரிஜும் அதையே வேண்டினார்.

ஆனால் ஒரு தற்செயல் குறுக்கிட்டது. அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃபிரெஞ்ச் ஸ்மித், ஏ.டி. அண்டு டி.யின் கிளையான பசிபிக் டெலிபோன் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் முன்னர் இருந்தவர் என்பதால் வழக்கிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. அவருக்கு அடுத்த நிலையிலிருந்தவரும் ஒதுங்கினார். முடிவெடுக்கும் அதிகாரம் ஏகபோகத் தடைப் பிரிவின் தலைவரிடம் வந்து சேர்ந்தது.

அவர்தான் வில்லியம் பாக்ஸ்டர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர். பெரிய நிறுவனம் என்பதாலேயே ஒரு நிறுவனத்தைத் தண்டிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. குறைந்த செலவில் நல்ல பொருளைத் தந்து வளர்ந்த நிறுவனத்தை உடைப்பது நுகர்வோருக்கே கேடு என்று கருதியவர்.

அப்படிப்பட்டவர் ஏ.டி. அண்டு டி. வழக்கை இறுதிவரை நடத்தியே தீருவதாக அறிவித்தது அமைச்சர்களை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் அவருடைய கோட்பாட்டில் முரண்பாடு இல்லை.

அரசு கட்டணம் நிர்ணயிக்கும் ஏகபோகம், போட்டியுள்ள அண்டைத் தொழிலிலும் இறங்கினால், இரண்டு தீங்குகள் விளையும் என்பது அவர் வாதம். போட்டித் தொழிலின் செலவை ஏகபோகத் தொழிலின் கணக்கில் ஏற்றி, அதை உள்ளூர் வாடிக்கையாளரின் கட்டணத்தில் வசூலித்துவிட்டு, போட்டியாளர் கட்டுபடியாகாத விலைக்கு விற்கலாம். அல்லது தன் வசமிருக்கும் கம்பியைத் தாமதமாகவோ தரக்குறைவாகவோ இணைத்துக்கொடுத்துப் போட்டியாளரை நசுக்கலாம்.

இவை எண்ணற்ற சிறு செயல்களாக நிகழ்வதால், அதிகாரிகளை வைத்துக் கண்காணித்துத் தடுக்க இயலாது. ஏகபோகமாகவே இருந்தாக வேண்டிய பகுதியை வேறு உரிமையாளரிடம் பிரித்துக் கொடுப்பது ஒன்றே மருந்து என்று அவர் முடிவு செய்தார்.

இதே அளவுகோலை ஐ.பி.எம்.மின் மேல் வைத்தபோது எதிர் விடை கிடைத்தது. அங்கே அரசு நிர்ணயிக்கும் கட்டணம் இல்லை. எவரும் கடந்தே தீரவேண்டிய கம்பி இல்லை. போட்டியாளர் புதுப்புது எந்திரங்களோடு நுழைந்துகொண்டிருந்தனர். வழக்கில் வென்றாலும், பதின்மூன்று ஆண்டு பழைய குற்றங்களுக்கு என்ன பரிகாரம் கேட்பது என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இல்லை.

* * *

ஜனவரி 8

ஏ.டி. அண்டு டி.யின் தலைவர் சார்லஸ் பிரவுன், பெல் அமைப்பிலேயே பணியாற்றி உயர்ந்தவர். உடைவதை விரும்பக் காரணமே இல்லாத அவர், 1981இன் இறுதியில் தம்முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தார்.

கிரீனின் செப்டம்பர் ஆணை தோல்வியை முன்னறிவித்தது. எம்.சி.ஐ. தொடுத்த தனி வழக்கில் 1980இல் நடுவர் குழு விதித்த 60 கோடி டாலர் இழப்பீடு, சட்டப்படி மும்மடங்காகி 180 கோடி டாலரானது. மேல்முறையீட்டில் அது பின்னர் குறைந்தாலும், அன்று அது பெரும் அச்சுறுத்தலாக நின்றது. நாடாளுமன்றத்தில் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்ட மசோதாக்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1956இன் தடை நீடிக்கும்வரை கணினித் தொழிலில் நிறுவனம் கால்வைக்க முடியாது. உள்ளூர் நிறுவனங்களைக் கைவிட்டால் அந்தத் தடை நீங்கும் என்பது பாக்ஸ்டர் முன்வைத்த பேரம். பிரவுன் அதை ஏற்றார்.

வெள்ளிக்கிழமையன்று உடன்பாடு வெளியானது. 22 உள்ளூர் நிறுவனங்களும் பிரிந்து செல்லும். தொலைதூரச் சேவை, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகியவை ஏ.டி. அண்டு டி.யிடம் இருக்கும், பிரியும் நிறுவனங்கள் எல்லாத் தொலைதூரச் சேவையாளர்களுக்கும் சமமான இணைப்பைத் தர வேண்டும்.

அதே நாளில் ஐ.பி.எம். வழக்கைக் கைவிடும் ஒப்பாவணத்திலும் பாக்ஸ்டரின் கையொப்பம் இருந்தது. வழக்கில் சாரமில்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

* * *

நீதிபதிகள் விடவில்லை

அரசு தொடுக்கும் ஏகபோக வழக்குகள் திரைமறைவுச் சமரசத்தில் முடிவதைத் தடுக்க, 1974இல் டன்னி சட்டம் இயற்றப்பட்டிருந்தது. உடன்பாட்டை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, அது பொதுநலனுக்கு உகந்ததா என்று நீதிபதி ஆராய்ந்த பின்னரே அது செல்லும் என்பது அதன் சாரம்.

ஏ.டி. அண்டு டி. உடன்பாட்டை, 1956 தீர்ப்பின் திருத்தம் என்ற பெயரில், அந்தப் பழைய தீர்ப்பு பிறந்த நியூஜெர்சி நீதிமன்றத்தில் இரு தரப்பும் தாக்கல் செய்தன. கிரீன் இதற்கு இணங்கவில்லை. விவகாரத்தைத் தம் நீதிமன்றத்துக்கே வரவழைத்து, டன்னி சட்டத்தின் வழியில் மாதக்கணக்கில் ஆராய்ந்து, திருத்தங்களை ஏற்றால் மட்டுமே ஒப்புதல் என்றார்.

மஞ்சள் பக்க விளம்பரத் தொழிலும், தொலைபேசிக் கருவி விற்கும் உரிமையும், பெல் என்ற பெயரும் உள்ளூர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது அந்தத் திருத்தங்களால்தான். 1982 ஆகஸ்டில் ஒப்புதல் வழங்கப்பட்டது. 1984 ஜனவரி 1 அன்று 22 நிறுவனங்களும் ஏழு வட்டாரக் குழுமங்களாகப் பிரிந்து சென்றன.

மன்ஹாட்டனில் எடெல்ஸ்டைனும் அதே சட்டத்தைக் கையிலெடுத்து, அரசு வழக்கைக் கைவிட்டது முறைதானா என்று ஆராய முற்பட்டார். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம், டன்னி சட்டம் உடன்பாடுகளுக்கே பொருந்தும், கைவிடப்பட்ட வழக்குக்குப் பொருந்தாது என்று கூறி அவரை நிறுத்தியது. 1951 முதல் நீதிபதியாக இருந்தவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கேட்ட சாட்சியங்களுக்குத் தீர்ப்பே எழுதப்படவில்லை.

* * *

யார் வென்றார்?

வெளிப்பார்வைக்கு ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார். நெருங்கிப் பார்த்தால் கணக்கு அவ்வளவு எளிதல்ல.

உடைந்த தொலைபேசித் துறையில், வெளியூர் அழைப்பின் வருவாயைக் கொண்டு உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருந்த பழைய ஏற்பாடு குலைந்து, உள்ளூர்க் கட்டணம் உயர்ந்தது. அதே வேளையில், சமமான இணைப்பு படிப்படியாக நடைமுறைக்கு வந்த பகுதிகளில் எம்.சி.ஐ.யின் வாடிக்கையாளரும் பிறரைப் போலவே சில இலக்கங்களில் அழைக்க முடிந்ததால், வெளியூர்ச் சேவையில் உண்மையான விலைப் போட்டி மூண்டது. கணினித் தொழிலுக்காக உள்ளூர் நிறுவனங்களையே விட்டுக்கொடுத்த ஏ.டி. அண்டு டி. அத்தொழிலில் வெற்றி காணவில்லை.

விடுதலையான ஐ.பி.எம்.மோ, பதின்மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு விலைக் குறைப்புக்கும் ஒவ்வொரு புதிய எந்திரத்துக்கும் வழக்கறிஞரின் யோசனையைக் கேட்டுப் பழகிய நிறுவனமாக மாறியிருந்தது. மென்பொருளை எந்திரத்திலிருந்து பிரித்ததன் மூலம், தீர்ப்பு எதுவும் இல்லாமலேயே, தனக்கு வருங்காலப் போட்டியாளர்களை அதுவே உருவாக்கியும் இருந்தது.

அந்த வழக்கு முடிவதற்கு ஐந்து மாதம் முன்பு, 1981 ஆகஸ்ட் 12 அன்று, ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் நகரில் இயங்கிய சிறு குழு ஒன்று உருவாக்கிய ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ என்னும் எந்திரத்தை ஐ.பி.எம். அறிமுகப்படுத்தியது. எல்லாவற்றையும் தானே செய்து பழகிய அந்நிறுவனம், அதன் மூளையான சில்லை இன்டெலிடமும், இயங்குதள மென்பொருளை மைக்ரோசாஃப்ட் என்னும் சிறு நிறுவனத்திடமும் வாங்கியது. அந்த மென்பொருளைப் பிற கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமை மைக்ரோசாஃப்டிடமே இருந்தது.

நாளைய கணினி உலகில் எவரும் கடந்தே தீரவேண்டிய இடம் இதுவாகிவிடும் என்பதை பாக்ஸ்டரின் அளவுகோலும் அன்று காட்டவில்லை. அப்படியானால், ஐ.பி.எம். அந்த உரிமையைக் கைநழுவவிட்டது ஓராண்டுக்குள் எந்திரத்தைச் சந்தையில் இறக்க வேண்டிய அவசரத்தாலா, சிறிய எந்திரம்தானே என்ற அலட்சியத்தாலா, அல்லது மன்ஹாட்டனில் இன்னும் முடியாதிருந்த வழக்கின் அச்சத்தாலா?

(தொடரும்)